200 மீட்டருக்கு அப்பால் ஒரு வீடு

2005-ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறை 172 என்று எண்ணிட்ட அரசாணை ஒன்றை வெளியிட்டது. சுனாமியில் வீடிழந்த கடற்கரை மக்களுக்கு எங்கே, எந்த நிபந்தனையின்பேரில் வீடு கட்டித் தருவது என்பதைத் தீர்மானித்த ஆணை அது. நாகப்பட்டினம் கடற்கரையில் பிறந்து வளர்ந்த என் வயதினருக்கு அந்த எண் மனப்பாடம். மீனவர் மறுவாழ்வு பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை வீடு கட்டப்பட்டது, எத்தனை படகு வழங்கப்பட்டது என்ற கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கில் பொய்யில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கடந்தும் எங்கள் ஊர்களில் தீராமல் கிடக்கும் வழக்குகளில் பாதிக்கு அந்த ஆணையிலிருந்த ஒரு நிபந்தனையே வேர் என்பதால், நான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது வழக்கமான கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் வீடிருந்தவர்கள், அந்த எல்லைக்கு அப்பால் செல்லச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசமாகக் கிடைக்கும். அதற்கு ஈடாகப் பழைய மனையையும் வீட்டையும் அரசிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போக மனமில்லாதவர்கள் இருந்த இடத்திலேயே தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசிடமிருந்து எந்த உதவியும் கிடைக்காது. மேலோட்டமாகப் படித்தால் இது ஒரு தேர்வுரிமை போலத் தெரியும். வீடும் படகும் வலையும் போய், பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்துக் கிடந்த குடும்பத்திடம் வைக்கப்பட்ட தேர்வு அது என்பதை நினைவில் கொண்டு படித்தால் அப்படித் தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பாணை, ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதிய கட்டடங்களைத் தடை செய்திருந்தது. ஏற்கெனவே அனுமதியோடு இருந்த வீடுகளைப் பழுதுபார்த்துக்கொள்வதை அது தடுக்கவில்லை. 200 முதல் 500 மீட்டர் வரையிலான பகுதியில் மரபுரிமையுள்ள மீனவக் குடியிருப்புகளுக்கு இடமும் கொடுத்திருந்தது. ஆகவே எங்கள் மக்களைக் கரையைவிட்டுப் போகச் சொன்னது சட்டம் அன்று, உதவியோடு சேர்த்துக் கட்டப்பட்ட நிபந்தனை. பயம் வேறு இருந்தது. அலை திரும்ப வரும் என்ற புரளிக்கே ஊர் ஓடிய நாட்கள் அவை. அந்தப் பயத்திலிருந்து மக்கள் மீண்டு யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே கைநாட்டும் கையெழுத்தும் வாங்கப்பட்டுவிட்டன.

இழப்பின் அளவைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியளவில் அலை வந்தது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர், அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் வேளாங்கண்ணியும் எப்படிக் கிடந்தன என்பதைப் படங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பலர் பிழைத்தார்கள். கரையில் படகுக்காகக் காத்திருந்த பெண்களும் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளும் அதிகமாகப் போனார்கள். மறுவாழ்வு என்ற பேச்சில் பிற்பாடு நடந்த பல குளறுபடிகளைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசிச் செய்தி தேவைப்படும்.

அந்த ஆண்டு படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான், எங்கள் பகுதியில் நிவாரணப் பணி செய்துவந்த ஓர் அமைப்புக்குக் கணக்கெடுப்பு எழுத்தனாகச் சென்றேன். பட்டியல் எழுதுவதுதான் வேலை. எங்கள் கடற்கரையில் பட்டியல் என்பது எப்படி உருவாகிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கியாக வேண்டும். எங்கள் மீனவச் சமூகமான பட்டினவர் வாழும் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்பது தேர்தலில் அமையும் ஊராட்சி அன்று. வழக்கப்படி அமைந்த நாட்டார்களும் பஞ்சாயத்தார்களும் நடத்தும் நிர்வாகம் அது. கோயில் திருவிழா, கடல் தகராறு, வலைத் தகராறு, குடும்பத் தகராறு எல்லாம் அங்கேதான் தீரும். திருமணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஊர் வரி உண்டு. வரி கட்டுகிறவருக்கு ஊரில் பங்கு உண்டு. வந்த உதவியை ஊருக்குள் பிரிப்பதற்கு இந்த வரிப் பட்டியல்தான் பல ஊர்களில் அடிப்படையாக இருந்தது. அரசு அலுவலருக்கும் அது வசதி, தொண்டு நிறுவனத்துக்கும் அது வசதி. ஒரு லாரி அரிசி வந்து நின்றால் ஒரு மணி நேரத்தில் சண்டையின்றிப் பிரித்துக் கொடுத்துவிடும் திறமை எங்கள் பஞ்சாயத்துகளுக்கு இருந்தது என்பதை நான் பெருமையோடுதான் சொல்வேன். வேறு எந்த அமைப்பாலும் முதல் பத்து நாட்களில் அதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அரிசிக்குப் பொருந்திய பட்டியல் வீட்டுக்கும் தொழிலுக்கும் பொருந்தவில்லை. எங்கள் பெரியம்மா சுனாமிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணவரை இழந்தவர். ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து, உள்ளூர்க் கிராமங்களில் விற்றுப் பிழைத்தார். தலைக்கட்டு இல்லாததால் வரி இல்லை, வரி இல்லாததால் பட்டியலில் பெயர் இல்லை. மகன் வீட்டில் சேர்ந்திருப்பவராக அவரைக் கணக்கில் காட்டியிருந்தார்கள். உண்மையில் அவர் தனி உலை வைத்திருந்தார். இழப்பு விவரம் எழுதும் தாளோடு நான் அவர் முன்னால் உட்கார்ந்தபோது, அதில் கட்டுமரம், வள்ளம், விசைப்படகு, இன்ஜின், வலை என்று பத்திகள் இருந்தன. அவருக்குப் போனவை இரண்டு அலுமினியக் கூடைகள், ஒரு தராசு, காயப்போட்டிருந்த கருவாடு, சீட்டுப் பணத்தில் வாங்கிய ஒரு ஜோடித் தோடு. எந்தப் பத்தியில் எழுதுவது? “நான் வித்த மீனுக்கு ரசீதா வச்சிருக்கேன் தம்பி? ஊரு பூரா என் கூடையப் பாத்திருக்கு, அத எழுதிக்க” என்றார். எழுதினேன். அந்தத் தாளைச் சரிபார்த்தவர் அதை அடித்துவிட்டு, ‘தொழில் உபகரணம் இல்லை’ என்று ஓரத்தில் எழுதினார்.

மீன்பிடித் தொழில் என்றால் கடலுக்குப் போகும் ஆணும் அவனது படகும் என்று எண்ணிப் பழகிய நிர்வாகத்துக்கு, பிடித்த மீனைக் காசாக்கும் பெண் கண்ணில் படவில்லை. ஏலம் எடுப்பவர், தலைச்சுமையாக விற்பவர், கருவாடு போடுபவர், மீன் வெட்டிக் கொடுப்பவர், துறைமுகத்தில் இறால் உரிப்பவர் என்று எத்தனையோ பேர். பெண்களுக்கான உதவி பிற்பாடு வந்தது. பெரும்பாலும் சுய உதவிக் குழுக் கடனாகவும், தையல், மெழுகுவத்தி, ஊறுகாய்ப் பயிற்சியாகவும் வந்தது. மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொண்டவர்களில் மெழுகுவத்தி விற்றுப் பிழைத்தவர் யாரையும் எங்கள் ஊரில் நான் பார்க்கவில்லை. அவர்கள் கேட்டது பேருந்தில் கூடையோடு ஏற்றிக்கொள்ள அனுமதி, சந்தையில் நிழலும் தண்ணீரும் உள்ள ஓர் இடம், ஐஸ் பெட்டி, வட்டிக்காரரிடம் போகாமல் காலையில் வாங்கி மாலையில் திருப்பக்கூடிய முதல். புதிய வீட்டுப் பட்டாவைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று அரசு விதித்தது உண்மையிலேயே நல்ல காரியம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் தவறியவன் ஆவேன். ஆனால் கணவன் இல்லாதவளின் பெயர் முதலில் பட்டியலுக்குள் வர வேண்டுமே.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் பெண்கள் மட்டும் அல்லர். எங்கள் ஊர்களை ஒட்டியே தலித் குடியிருப்புகள் இருந்தன; அங்கிருந்தவர்கள் வலை இழுக்கவும் மீன் இறக்கவும் வந்தார்கள், வயல் வேலைக்கும் போனார்கள். உப்பு நீர் ஏறி வயல் கெட்டதால் நிலமுடையவருக்கு நிவாரணம் வந்தது, கூலி வேலை போனவருக்கு வரவில்லை. கழிமுகத்திலும் வாய்க்கால்களிலும் கையால் இறால் பிடித்த இருளர்களும் உதவிப் பட்டியல்களில் பிந்தியே வந்தார்கள், சில இடங்களில் வரவேயில்லை. முகாமில் தனியாக உட்கார வைக்கப்பட்டார்கள் என்ற புகார் அக்காலத்திலேயே எழுந்தது. அதில் எங்கள் சமூகத்துக்கும் பங்குண்டு. அரசிடம் நியாயம் கேட்கும் நாங்கள் எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் எப்படி நடந்துகொண்டோம் என்பதை எங்கள் கூட்டங்களில் எழுப்பினால் இன்றும் பேச்சு மாறிவிடுகிறது.

படகுகளின் கதை வேறு விதமானது. பணம் திரட்டிய நிறுவனங்களுக்குப் படகு கொடுப்பது பிடித்த காரியமாக இருந்தது. வரிசையாக நிறுத்திவைத்துப் படம் எடுக்கலாம், பக்கவாட்டில் பெயர் எழுதலாம். ஓராண்டுக்குள் கண்ணாடி இழைப் படகுகள், நாங்கள் ஃபைபர் போட் என்பவை, சுனாமிக்கு முன்பிருந்த கட்டுமரங்களையும் வள்ளங்களையும்விட அதிகமாகக் கரையில் நின்றன. முன்பு ஆள் பங்குக்குப் போனவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து உரிமையாளர்கள் ஆனார்கள். கேட்க நன்றாக இருக்கும் செய்தி இது. கடலுக்குப் போக ஆள் கிடைக்காமல் பாதிப் படகுகள் மணலில் கிடந்தன என்பது அதன் மறுபக்கம். டீசல், ஐஸ், உணவுச் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் இன்ஜினுக்கும் பங்கு பிரித்த பின் மிஞ்சுவதுதான் ஆட்பங்கு. படகு பெருகியதே தவிர கடலில் மீன் பெருகவில்லை. அவசரத்தில் செய்த சில படகுகள் ஒரு பருவத்துக்குள் வெடித்து நீர் புகுந்தன. இன்ஜின் பழுதானால் உதிரிப் பாகத்துக்கு மறுபடியும் ஏலக்காரரிடம் முன்பணம்; முன்பணம் வாங்கினால் மீனை அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். இலவசமாக வந்த படகு பழைய கடனுக்குள் புதிய வழியாகக் கொண்டுபோய் விட்டது.

தற்காலிகக் குடியிருப்புகளைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை. தார் ஷீட்டுகளும் தகரமும் வைத்து வரிசையாக அடித்த அறைகள். சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது, ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர். சில மாதங்களுக்கு என்று சொல்லப்பட்ட அவற்றில் பல குடும்பங்கள் இரண்டு, மூன்று ஆண்டுகள் இருந்தன. என் தங்கை பூப்பெய்தியது அங்கேதான்.

பிறகு வீடுகள் வந்தன. பெரும்பாலும் 300 முதல் 325 சதுர அடி, கான்கிரீட் தளம், ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, கழிவறை. ஓலைக் குடிசையில் இருந்தவர்களுக்கு அது பெரிய காரியம்தான். மழைக்காலத்தில் ஓலை மாற்றும் கவலை போயிற்று, பெண்களுக்கு இருட்டும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் போயிற்று. ஆனால் அந்த வீடுகளைக் கட்டுவதற்கு இடம் வேண்டியிருந்தது. சில ஊர்களில் அலை தொடாத ஓட்டு வீடுகளும் இடிக்கப்பட்டன, மனையைச் சமப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டன. எங்கள் பழைய தெருவில் பூவரசும் வேம்பும் தென்னையும் இருந்தன. திண்ணையும் மர நிழலும் வலை பின்னும் இடம், மீன் காயும் வேளையில் காவல் இருக்கும் இடம், கிழவர்கள் காற்றைப் பார்த்து வாடை திரும்பிவிட்டதா, சோழகம் எழும்பிவிட்டதா என்று சொல்லும் இடம். புதிய குடியிருப்பில் வீடுகள் வரிசையாக, திண்ணையின்றி, மரமின்றி நின்றன. வலையை எங்கே போடுவது என்பதை வரைபடம் போட்டவர் யோசிக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் குடியிருப்பில் மாடிப்படியின் கீழும் கழிவறைக்கு மேலும் வலை மூட்டைகள் கிடப்பதைப் பார்க்கலாம்.

ஊரிலிருந்து கரைக்கு அரைக் கிலோமீட்டரா, ஒரு கிலோமீட்டரா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் பெரிதாக எண்ணமாட்டார். விடியற்காலை இரண்டு மணிக்கு டீசல் கேனும் வலையும் இன்ஜினும் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அது பெரிது. இன்ஜினைப் படகிலேயே விட்டுவந்தால் திருட்டுப் பயம், கொண்டுவந்தால் தூக்க இரண்டு ஆள். கரையிலே வீடு இருந்தபோது மீன் கூட்டம் வருவதைத் திண்ணையிலிருந்தே கண்டுபிடித்துக் குரல் கொடுப்பார்கள். கடல் கொந்தளித்தால் பெண்கள் வாசலில் நின்று படகை எண்ணுவார்கள். பெரியம்மாவுக்குக் கடைசியில், நீண்ட மனுப் போராட்டத்துக்குப் பின், ஒரு வீடு கிடைத்தது. வீட்டிலிருந்து ஏலத் தளத்துக்கு ஷேர் ஆட்டோ, ஏலத் தளத்திலிருந்து சந்தைக்கு இன்னொரு ஆட்டோ என்று வண்டிக்கூலி சேர்ந்துவிட்டதால், சாளையும் காரப்பொடியும் மாதிரி விலை குறைந்த மீனைத் தூக்கி விற்பது கட்டுப்படியாகாமல் போனது. அவர் தொழிலை விட்டார். மறுவாழ்வுக் கணக்கில் அவர் வீடு பெற்ற பயனாளி.

சென்னையில் இதே பிரச்சினை இன்னும் கடுமையாக நடந்தது. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்கள் பழைய மாமல்லபுரம் சாலையில், சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே, செம்மஞ்சேரியில் அடுக்கிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. கடலுக்குப் போகிறவன் பேருந்து பிடித்துக் கடலுக்குப் போவது என்பது நடக்கிற காரியமா? பலர் வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ கரைக்கே திரும்பினார்கள். கடல் கடந்து இலங்கையில் அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று தடை வலயம் வகுத்தது. மீனவக் குடிசைக்குக் கடுமையாகவும் உல்லாச விடுதிக்குத் தளர்வாகவும் அது நடைமுறையானதாகக் குற்றச்சாட்டு எழுந்து, ஓராண்டுக்குள்ளேயே தளர்த்தப்பட்டது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் இருந்தவர்கள் கேட்ட கேள்வியும் நாகையில் நாங்கள் கேட்ட கேள்வியும் ஒன்றே: எங்களுக்கு ஆபத்தான கரை அடுத்து வருகிறவர்களுக்கு எப்படி ஆபத்தில்லாமல் போகிறது?

இந்தக் கேள்வி சும்மா எழவில்லை. எழுதிக் கொடுத்த மனைகள் பொது நோக்கத்துக்கு என்று அரசின் பெயரில் போயின. அந்தப் பொதுவுக்குள் மீன் காயப்போடும் களம், வலை உலர்த்தும் திடல், படகு ஏற்றும் துறை ஆகியவை அடங்குமா என்று எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. எங்கள் முன்னோர் அவற்றுக்குப் பட்டா கேட்டதில்லை. கடற்கரைப் புறம்போக்கு ஊர்ச் சொத்தாகவே புழங்கியது. வீடுகள் கரையில் இருந்தவரை அந்தப் புழக்கமே அத்தாட்சி. வீடுகள் அகன்றபின் அதே இடம் காலி நிலமாகத் தெரியத் தொடங்கியது. கரையோரத்தில் எது வந்தாலும், இறால் பண்ணையோ, அனல்மின் நிலையமோ, சுற்றுலாப் பூங்காவோ, கல் கொட்டிய தடுப்புச் சுவரோ, முதலில் விழுங்குவது இந்தப் பெயரில்லாத இடங்களைத்தான்.

சட்டத்தின் பக்கத்திலும் காற்று மாறி மாறி அடித்தது. 1991 அறிவிப்பாணைக்குப் பதிலாகக் கடலோர மேலாண்மை மண்டலம் என்ற பெயரில் 2008-இல் ஒரு வரைவு வந்தது. கடற்கரையை முதலீட்டுக்குத் திறந்துவிடும் முயற்சி அது என்று நாடு முழுவதும் மீனவர் அமைப்புகள் எதிர்த்ததால் 2009-இல் அது கைவிடப்பட்டது. 2011-இல் வந்த புதிய அறிவிப்பாணையில் எங்களுக்குச் சாதகமான ஒரு வரி இருந்தது: மீனவச் சமூகங்களின் நீண்டகால வீட்டுத் தேவையையும், மீன் உலர்த்தல், ஏலம், வலை பழுதுபார்த்தல் போன்ற தொழில் தேவைகளையும் கணக்கிட்டுக் கடலோரத் திட்ட வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்பது அது. 2019-இல் மறுபடி ஓர் அறிவிப்பாணை வந்து, மக்கள் நெருக்கமான ஊரகப் பகுதிகளில் கட்டுமானத் தடையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. நான் இந்தச் செய்தியைப் படித்தபோது சிரிக்கவா, அழவா என்று தெரியவில்லை. 200 மீட்டருக்குள் இருந்தால் உதவி கிடையாது என்று எங்களிடம் மனையை எழுதி வாங்கியிருந்தார்கள்; பதினான்கு ஆண்டுகளில் அந்த 200 மீட்டர் பல இடங்களில் 50 ஆகச் சுருங்கிவிட்டது. எழுதிக் கொடுத்த மனை மட்டும் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது, பிறகு ஏன் கரைக்கே போக ஆசைப்படுகிறீர்கள், மறுபடி அலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரிலும் ஒருமித்த கருத்து கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பலர் கரைப்பக்கம் இன்னும் படுக்கமாட்டார்கள். அவர்களுக்கு உள்ளே தள்ளிக் கட்டிய வீடு உண்மையான ஆறுதல். இரவு தங்க உள்ளே ஒரு வீடும், தொழிலுக்குக் கரையில் உறுதியான உரிமையும் வேண்டும் என்பதே நான் பேசிப் பார்த்தவர்களில் பெரும்பான்மையினரின் எண்ணம். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொண்டதுதான் பிழை. இரண்டும் தந்திருந்தால் பாதுகாப்புக்குப் பாதுகாப்பும் ஆயிற்று, பிழைப்புக்குப் பிழைப்பும் ஆயிற்று.

சுனாமிக்குப் பின்னும் கடல் சும்மா இருக்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களை நடுக்கடலில் சிக்க வைத்தது. உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்கள் சட்டப்படி ஏழு ஆண்டுகள் காத்திருந்தால்தான் இறந்ததாகக் கருத முடியும் என்ற நிலை இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை உள்ளிட்ட ஊர்களின் மக்கள் டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அதன்பின் இழப்பீடு 20 லட்சம் ரூபாயாக உயர்ந்தது, காணாமல் போனவர்களுக்கான காத்திருப்பு விதியும் தளர்த்தப்பட்டது. விதி மாற முடியாதது என்று அலுவலர்கள் சொல்வதை நாங்கள் அதன்பின் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. அடுத்த ஆண்டே, 2018 நவம்பர் 16 அன்று, கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையேறியது. படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, கரையில் சேறு படிந்து படகு இறக்க வழியில்லாமல் போனது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்ந்துகொண்டிருந்த சுனாமி வீடுகளுக்கு அது இன்னொரு அடி.

அந்த வீடுகளின் இன்றைய நிலையே இப்போதைய வழக்கு. தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவில்லை. சில குடியிருப்புகளில் பட்டா இன்னும் கைக்கு வராததால் வங்கிக் கடனும் வாங்க முடியாது. 2005-இல் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று திருமணமாகிக் குழந்தைகளோடு அதே 325 சதுர அடிக்குள் பெற்றோருடன் இருக்கிறார்கள். கூடுதல் அறை கட்ட இடமில்லை, புதிய மனைக்கு ஊரில் நிலமில்லை, பழைய மனைக்குத் திரும்பச் சட்டமில்லை. சிலர் திரும்பிவிட்டார்கள், சட்டம் பார்க்காமல். பழைய அஸ்திவாரத்தின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இருக்கிறார்கள். மின் இணைப்பு கேட்டால் ஆக்கிரமிப்பு என்கிறார்கள். தாத்தா பிறந்த இடத்தில் பேரன் ஆக்கிரமிப்பாளன்.

2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தபின், தரங்கம்பாடி, வானகிரி, பூம்புகார், பழையாறு போன்ற ஊர்களின் பழைய கோப்புகள் எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்று தேடுவதும் ஒரு வேலையாகிவிட்டது. எழுதிக் கொடுத்த ஆவணத்தின் நகலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்ட எங்கள் மாமாவுக்கு, கோப்பு மற்றோர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அந்த அலுவலகத்தில் கேட்டபோது இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். எங்கோ வழியில் இருக்கிறது போலும்.

இந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து எழுதிய மனுவைத் தட்டச்சு செய்யும் வேலை என்னிடம் வந்தது. கேட்கப்பட்டவை நான்கு. சுனாமி வீடுகளின் தளத்தை மாற்றிக் கட்ட நிதியும், நிலுவையிலுள்ள பட்டாக்களும். 2005-க்குப் பின் திருமணமான குடும்பங்களுக்கு ஊரை ஒட்டியே மனை. விலகிக் கொடுத்த கரை நிலத்தை வேறு எவருக்கும் குத்தகைக்கோ ஒதுக்கீட்டுக்கோ விடாமல் ஊரின் தொழிலிடமாக அறிவிப்பது. கடலோரத் திட்ட வரைபடத்தில் எங்கள் களங்களையும் துறைகளையும் புல எண்ணோடு குறிப்பது. வரைபடத்தின் நகலைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். கோயில் இருக்கிறது, சாலை இருக்கிறது, மீன் காயும் களம் இருக்கும் இடத்தில் மணல் என்று புள்ளியிட்டிருக்கிறது. கூட்டத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன்: பயனாளிப் பட்டியலைத் தலைக்கட்டுப்படி எடுக்காமல், கைம்பெண்களையும் தனித்து வாழும் பெண்களையும் மீன் விற்பவர்களையும் தனிக் குடும்பமாகச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது அது. அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அதெல்லாம் ஊருக்குள் பேசித் தீர்க்க வேண்டியது, மனுவில் எழுத வேண்டாம் என்றார் ஒரு பெரியவர். கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து இருவர் எழுந்து, அது இல்லாத மனுவில் நாங்கள் கைநாட்டு வைக்கமாட்டோம் என்றார்கள். மனு இப்போது ஐந்து கோரிக்கைகளோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போயிருக்கிறது. ரசீது எண்ணை வாங்கி வைத்திருக்கிறோம்.